அண்ணை தோற்ற இரண்டு தேர்தல்கள்

என் அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆட்டைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற சிவபாதம் மாஸ்டர் போன கிழமை வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, நீங்கள் இரண்டு பக்கம் எழுதித் தரவேணும். கூடப்பிறந்த ஆள் எழுதினால்தான் மலருக்கு ஒரு களை" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சொல்லும் வெட்டாமல் போடுவதாக அவரும் வாக்குத் தந்திருக்கிறார். பாவம், நான் என்ன எழுதப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மச்சாள் சுகமாக இருக்கிறா. ரெய்னர்ஸ் லேன் வீட்டை விட்டு அசையமாட்டாவாம். உங்கள் ரயில்வே மேலங்கியை சாரிட்டிக் கடைக்குக் கொடுப்போம் என்றேன். "இருக்கட்டும், குளிர் வரப்போகுது" என்கிறா. ஆருக்குக் குளிரப்போகிறது என்று நான் கேட்கவில்லை. என் சின்னவள் இப்போது என்னைவிட உயரம். வாயைத் திறந்தால் இங்கிலீசுதான். ஆனால் உங்களைப் பற்றிக் கதைக்கும்போது 'மாமா' என்ற சொல் மட்டும் தமிழில் வருகிறது.

மலரின் அட்டையை மாஸ்டர் கொண்டுவந்து காட்டினார். கழுத்துப் பட்டி கட்டிய உங்கள் படம். உங்களுக்குப் பிடிக்காத படம், அது வேறு கதை. கீழே பெரிய எழுத்தில் 'தோல்வியறியாத் தொண்டர்' என்று அடித்திருக்கிறார்கள். அண்ணை, நீங்கள் நின்றது மூன்று தேர்தல். அதில் இரண்டில் தோற்றீர்கள். தோற்றதைக் கண்ணால் பார்த்த சனம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே இப்படிப் போட்டால் எனக்குக் கோபம் வராதா?

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வெம்பிளிப் பக்கம் எங்கள் வீடுகளுக்குக் கிட்ட இருக்கிற கல்லூரிக்கு ஒரு நிர்வாக சபை உண்டு. அதில் கூடுதலானவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். ஒரே ஒரு கதிரைக்கு மட்டும் அங்கே வகுப்புக்குப் போகிறவர்களும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கிறவர்களும் வாக்களிக்கலாம். சம்பளம் கிடையாது. கூட்டத்தில் ஒரு தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தருவார்கள். அந்தக் கதிரைக்காகத்தான் என் அண்ணை பத்து வருடமாக இந்தத் தெருக்களில் அலைந்தார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய காலம் நினைவிருக்கிறதா? எண்பதுகளின் நடுப்பகுதி. இடுப்பில் சின்னவள், வாயில் இரண்டு இங்கிலீசுச் சொல். 'ப்ளீஸ்' ஒன்று, 'சொறி' மற்றது. நீங்கள்தான் கையைப் பிடிக்காத குறையாக அந்தக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் படிக்கிறது என்று நான் முரண்டு பிடித்தேன். பின்பக்கம் முற்றத்தைப் பார்த்தபடி இருந்த அந்தப் பெரிய அறையைக் காட்டினீர்கள். தாய்மார் வகுப்பில் இருக்கும்போது அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். சின்னவள் முதல் நாள் கத்திய கத்தில் எனக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. இரண்டாம் கிழமை என்னைத் திரும்பியும் பாராமல் ஓடினாள்.

கொஞ்ச நாளில், காலை இங்கிலீசு வகுப்பையும் அந்த அறையையும் நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. இங்கிலீசு தெரியாத சனம் இந்தப் பக்கத்தில் அவ்வளவாக இல்லை என்று சபையில் கதைத்தார்களாம். நான் வந்து உங்களிடம் அழுதேன். நீங்கள் ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் இருந்துவிட்டு வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் இருந்து யோசித்தீர்கள். பிறகு, "அந்தச் சபையிலை ஒரு கதிரைக்கு எலெக்சன் இருக்காம் பிள்ளை. நான் கேட்டுப் பாக்கப்போறன்" என்றீர்கள். மச்சாள் குசினிக்குள் இருந்து, "உங்களுக்கு என்ன விசரே?" என்றா.

விசர்தான். டிக்கெட் கண்ணாடிக்குள் இருந்துகொண்டு வாக்குக் கேட்ட ஒரே வேட்பாளர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். தமிழ் முகம் கண்டால் மிச்சக் காசோடு சேர்த்துத் துண்டுப் பிரசுரமும் போகும். பின்னால் நிற்கிற வெள்ளைக்காரர்கள் ரயிலைத் தவறவிட்டு முணுமுணுப்பார்கள். மேலதிகாரி கூப்பிட்டு எச்சரித்ததும், வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்று கொடுக்கத் தொடங்கினீர்கள்.

அந்தத் துண்டுப் பிரசுரத்தில்தான் பிழை நடந்தது. "சின்னம் இல்லாத எலெக்சன் எங்கடை சனத்துக்குப் பிடிபடாது" என்று நீங்களே ஒரு குடையைக் கீறி, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டீர்கள். ஊரில் எந்தத் தேர்தலிலும் சின்னத்தைப் பார்த்துத்தானே குறுக்கே இரண்டு கோடு கீறிப் புள்ளடி போட்டுப் பழக்கம். 'நமது சின்னம் குடை' என்று வீடு வீடாகச் சொன்னோம். நானும் சொன்னேன். சனம் தலையாட்டியது. லண்டனில் குடை தெரியாத ஆள் யார்?

வாக்களிப்பு நாளில் கல்லூரி மண்டபத்தில் எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீலை உடுத்தி, மேலே கோட் போட்டு, காலில் கம்பளி மேசோடு செருப்பும் மாட்டிக்கொண்டு வந்திருந்த கிழவிமார் எத்தனை பேர். ஆனால் உள்ளே கொடுத்த வாக்குச்சீட்டில் குடை இல்லை. இங்கிலீசில் வெறும் பெயர்கள். எங்கள் ஆட்கள் பயந்துபோகவில்லை, அதுதான் விஷயம். எது நீளமான பெயரோ அதுதான் எங்கடை ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சின்னத்தைத்தான் காணவில்லை. அச்சடிக்கிறவன் மறந்துவிட்டான் என்று நினைத்து, உங்கள் பெயருக்கு நேரே தாங்களே குடையைக் கீறிவிட்டு வந்தார்கள்.

வாக்கு எண்ணும்போது கல்லூரிப் பதிவாளர் அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. ஒன்று, இரண்டு என்றால் யாரோ பகிடி விட்டார்கள் என்று வைக்கலாம். அது வந்துகொண்டே இருந்தது. கம்பியெல்லாம் எண்ணிக் கீறிய குடை, பிடி இல்லாத குடை, மழைத்துளியோடு ஒரு குடை. கல்லூரி விதியில் புள்ளடி என்றுதான் எழுதியிருக்கிறதாம். எல்லாவற்றையும் செல்லாத வாக்கு என்று ஒதுக்கினார்கள். ஏற்கனவே அந்தக் கதிரையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மனேஜர்தான் மறுபடியும் வந்தார். நான் அவ்விடத்திலேயே அழுதேன். "இவ்வளவு சனம் வந்து போட்டது செல்லாதோ?" என்று பதிவாளரோடு சண்டைக்கும் போனேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில்.

நீங்கள் என்னைப் பிடித்து இருத்திவிட்டு அந்த அம்மாவிடம் போனீர்கள். சண்டை பிடிக்கவில்லை. "இங்கிலீசு தெரியாத ஆக்கள் இந்தப் பக்கத்திலை இல்லையெண்டு சபையிலை சொன்னவையாம். உந்தக் குடையளை ஒருக்கா அவைக்குக் காட்டுவீங்களோ?" என்பதை உங்கள் அழகான இங்கிலீசில் கேட்டீர்கள். அவ காட்டுவதாகச் சொன்னா. காட்டினா என்றும் கேள்விப்பட்டோம். காலை வகுப்பும் நின்றது, அறையும் நின்றது. நான் நிலைத்து நின்றதைச் சொல்கிறேன், மூடியதை அல்ல. தோற்றவர் காரியத்தை முடித்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

இரண்டாம் முறை குடையும் இல்லை, ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பரில் புள்ளடி போடப் பழக்கினோம். "கோயிலிலை அர்ச்சனைத் துண்டு எழுதத் தெரியுது, உது தெரியாதோ?" என்று நான் ஒரு ஆச்சியை ஏசினேன். சிவபாதம் மாஸ்டர் அந்த முறை எங்களோடு நாயாய் அலைந்தார். அதை மறைக்கக்கூடாது. தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோரை வேன் பிடித்து ஏற்றி வந்தவர் அவர்தான். நீங்கள் வென்றீர்கள். கல்லூரி வாசலில் மாஸ்டர் உங்களுக்குப் பூமாலை போட்டதும், நீங்கள் வெட்கத்தில் அதை உடனே கழற்றிப் பதிவாளர் அம்மாவின் கையில் கொடுத்ததும், அவ அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த வருடங்கள் நல்ல வருடங்கள், அண்ணை. கூட்டம் முடிந்து வரும் வழியில் என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவீர்கள். பால் விடாத தேத்தண்ணியும் இரண்டு பருத்தித்துறை வடையும் வைத்துக்கொண்டு, எந்த உறுப்பினர் நித்திரை கொண்டார், யார் யாரை வெட்டிக் கதைத்தார் என்று நடித்துக் காட்டுவீர்கள். என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறுவார். நான் அந்த வகுப்பை முடித்து, கணக்கும் படித்து, கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். முதல் நாள் வேலைக்குப் போகும்போது நீங்கள் டிக்கெட் கண்ணாடிக்குள் இருந்து எழும்பி நின்றீர்கள். என்னத்துக்கு எழும்பினீர்கள் என்று நான் கடைசிவரை கேட்கவேயில்லை.

பிறகு தொண்ணூறுகளில் அந்தப் பிரச்சினை வந்தது.

தமிழ்ப் பள்ளிக்கூடம் அப்போது ஒரு சேர்ச் மண்டபத்தில் நடந்தது. ஹீட்டர் வேலை செய்யாது. பிள்ளைகள் கோட்டோடும் தொப்பியோடும் இருந்து 'அ, ஆ' எழுதினார்கள். என் சின்னவளும் அதில் ஒருத்தி. மிருதங்கத்தைக் குளிரில் வைக்கப் பயந்து மாஸ்டர் தன் காரிலேயே கொண்டு திரிந்தார். அந்த நேரம் பார்த்து, ஒரு சமூக அமைப்புக்கு நிரந்தரமாக ஒரு அறை தரலாம் என்று கல்லூரி சொன்னது. எந்த அறை? பின்பக்கத்து அறைதான். பிள்ளை பார்க்கிறதை நிறுத்தினால் அது எங்களுக்கு. சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. உங்கள் ஒரு கை எந்தப் பக்கம் உயருகிறதோ அந்தப் பக்கம்தான் முடிவு.

நீங்கள் வேறு வழி தேடாமல் இல்லை. சனிக்கிழமைகளில் கன்ரீனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தீர்கள். சூடான இடம், கதிரை மேசை எல்லாம் உண்டு. மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. "மீன் பொரிச்ச மணத்துக்குள்ளை இருந்து விஜயதசமிக்கு ஏடு தொடக்கிறதோ? கும்பம் வைக்கிறதுக்கு ஒரு மூலை வேண்டாமே?" என்றார். சனம் எல்லாம் அவர் பக்கம். உண்மையைச் சொன்னால், நானும் அவர் பக்கம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் குசினியில் நடந்த சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. "எங்கடை சனம்தானே உங்களை அங்கை அனுப்பினது. அந்தச் சனம் கேட்டால் குடுக்கமாட்டியளோ?" என்று நான் கத்தினேன். நீங்கள் வடையைப் பிய்த்தபடி, "உன்ரை சின்னவள் நீ படிக்கேக்கை எங்கை இருந்தவள் பிள்ளை?" என்றீர்கள். "அது அப்ப. இப்ப அங்கை எங்கடை பிள்ளையள் ஒண்டுமில்லை. எல்லாம் சோமாலியாப் பிள்ளையள்" என்றேன். "ஓம். இப்ப அவை வந்திறங்கியிருக்கினம்" என்றீர்கள். அவ்வளவுதான். தேத்தண்ணியையும் முடிக்காமல் எழும்பிப் போனீர்கள். நான் கோபத்தில் கோப்பையைக் கழுவின வேகத்தில் அதன் காது உடைந்தது. நான் சண்டை பிடித்தது பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். பிள்ளைகள் குளிரில் இருந்ததும் உண்மைதானே.

நீங்கள் கையை உயர்த்தினீர்கள். அறை தாய்மாருக்கே என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு கோயிலில் உங்களைக் கண்டால் சனம் கொடிமரத்தைப் பார்க்கத் தொடங்கியது. கலியாண வீட்டில் உங்கள் மேசையில் கதிரைகள் வெறுமையாக இருந்தன. அடுத்த தேர்தலில் மாஸ்டரே உங்களுக்கு எதிராக நின்றார். நீங்களும் விடவில்லை. இரண்டு தமிழர்கள், ஒரே தெருக்களில், ஒரே வீடுகளில். முன் கதவால் அவர் வெளியே போக, கதவு சாத்துவதற்குள் நீங்கள் உள்ளே போனீர்கள். எங்கள் வாக்கு இரண்டாகக் கிழிந்தது. வீடு விற்றுக் கொடுக்கிற ஒரு வெள்ளைக்காரப் புரோக்கர், எங்கள் தெருவில் ஒரு கதவும் தட்டாமல் வென்றார். இதைச் செய்வதற்கு எங்கள் ஆட்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

நான் யாருக்குப் போட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குத்தான் போட்டேன், அண்ணை. புள்ளடியைப் பேப்பர் கிழிய அழுத்திப் போட்டேன். முகம் கொடுத்துக் கதைக்கவில்லையே தவிர, வாக்கை வேறு ஆளுக்குப் போடுவேனா?

முடிவு சொன்ன பிறகு மழை. மாஸ்டரின் கார் அன்றைக்கென்று ஸ்டார்ட் எடுக்கவில்லை. நீங்கள் உங்கள் காரின் கதவைத் திறந்து, "ஏறுங்கோ மாஸ்டர். ரெண்டு பேரும் தோத்த ஆக்கள்தானே, ஒண்டாய்ப் போவம்" என்றீர்கள். இதை மாஸ்டரே உங்கள் செத்தவீட்டில் எனக்குச் சொல்லி, மூக்கைத் துடைத்தார். ஆகவே அவரை நான் கெட்டவர் என்று எழுதவில்லை. மாஸ்டர், கேட்குதோ? நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் அட்டையில் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

சரி, இப்போது உள்ள செய்திக்கு வருகிறேன். அந்தப் புரோக்கர் வீடு மாறிப் போகிறார். கதிரை காலியாகிறது. அறைக் கதையும் மறுபடி சபைக்கு வருகிறது. மாஸ்டர் மலருக்கு மட்டும் என்னைத் தேடி வரவில்லை. கையில் ஒரு மனு கொண்டுவந்தார். அந்தப் பின்பக்கத்து அறையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உங்கள் ஞாபகார்த்த மண்டபமாகத் தரவேண்டும் என்று கேட்கிற மனு. தங்கச்சி என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையதாம். "வாசல்லை பித்தளைப் பலகையிலை அண்ணையின்ரை பேர் இருக்கும். தமிழிலும் இருக்கும், இங்கிலீசிலும் இருக்கும். அந்தக் கதிரைக்கும் நீங்களே நில்லுங்கோ தங்கச்சி. உங்களுக்கெண்டால் சனம் கண்ணை மூடிக்கொண்டு போடும்" என்றார்.

எனக்கு ஆசை இல்லை என்று நினைக்கிறீர்களா? உங்கள் பெயரை ஒரு கதவில் பார்க்கவேண்டும் என்று எனக்கு உயிர் துடிக்கிறது. நாற்பது வருடம் கழித்தும் யாரோ ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி அதை வாசிக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை பேர் உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள், அவர்கள் எல்லாம் அந்தப் பெயருக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகட்டுமே என்றும் இருக்கிறது. பேனையைக் கையில் எடுத்தும் விட்டேன். பிறகு, "யோசிச்சுச் சொல்லுறன் மாஸ்டர்" என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி ஹலீமா என்று ஒரு பெண் இருக்கிறாள். சோமாலியாவின் மொகதிசுவில் இருந்து வந்தவள். அடுத்த நாள் காலை பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினாள். அறையை மூடப்போகிறார்களாமே, உண்மையா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளுடைய இங்கிலீசு நான் வந்த புதிதில் பேசிய இங்கிலீசு. ஒவ்வொரு வசனத்திலும் ஒரு 'ப்ளீஸ்', ஒரு 'சொறி'. எனக்கு அவ்விடத்தில் நிற்க ஏலாமல் போய்விட்டது.

ஆகவே மாஸ்டர், நீங்கள் கேட்ட பதில் இதுதான். வாக்குத் தந்தபடி ஒரு சொல்லும் வெட்டாமல் அச்சடியுங்கள். மனுவில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். எந்த அறையைக் கொடுக்க மறுத்ததற்காக என் அண்ணையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தோற்கடித்தோமோ, அதே அறையை அவர் பெயரைச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வராது. பள்ளிக்கூடத்துக்குச் சூடான இடம் கேட்டு எந்தக் கதவையும் உங்களோடு வந்து தட்டுகிறேன், அந்தக் கதவை மட்டும் விட்டு.

ஆனால் தேர்தலில் நிற்கிறேன், அண்ணை. திங்கட்கிழமை போய்ப் பெயர் கொடுக்கிறேன். அறை தாய்மாருக்கே என்று ஒவ்வொரு தமிழ் வீட்டுக் கதவிலும் நின்று சொல்லித்தான் வாக்குக் கேட்பேன். கொடிமரத்தைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வீட்டுக்காரர் இப்போதே, "உமக்கும் விசரோ?" என்று கேட்டுவிட்டார். பிறகு, வேன் ஓட்ட ஆள் வேண்டுமா என்றும் கேட்டார்.

வெல்லுவேன் என்று உங்களுக்குச் சத்தியம் பண்ண ஏலாது. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும், அனேகமாகத் தோற்பேன். நீங்கள் தோற்றது எதற்காகவோ, அதற்காகத்தான் நானும் தோற்பேன். இந்த ஒரு சத்தியத்தை மட்டும் தருகிறேன், அண்ணை.

உங்களோடு கடைசிவரை சண்டை பிடித்த,
உங்கள் கூடப்பிறந்தவள்,
கமலி